அந்த ஐவரைக் கொன்றவர்களுக்கும் தூக்கு வேண்டாமா?

சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: “ஐயா, மரணதண்டனையை முற்றாக ஒழிக்க வேண்டுமென்று நீங்கள் பல இடங்களில் பேசுகிறீர்கள். இங்கே திருகோணமலையில் காந்தி சிலைக்கு அருகில் நம்முடைய ஐந்து பிள்ளைகளைச் சுட்டவர்கள் நாளைக்கே பிடிபட்டால், அவர்களுக்கும் வேண்டாம் என்பீர்களா? ஐஸ் போதைப்பொருளை விற்றுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கெடுக்கிறவனுக்கும் வேண்டாமா? அப்படியென்றால் என்னைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?”

முதற்கேள்விக்கு என் பதில்: ஆம் தம்பி, அவர்களுக்கும் வேண்டாம். இதைச் சொல்வது எனக்கு இலகுவாக இல்லை. நான் பிறந்தது இந்த ஊரில். இருபது வருடங்களுக்கு மேலாகக் கறுப்புக் கோட்டுடன் ஏறி இறங்குவதும் இந்த ஊர் நீதிமன்றங்களில்தான். இங்கே கொலையை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் குறைவு. அதனால்தான் உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை. கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த இளைஞர்கள் மீது முதலில் கைக்குண்டு வீசப்பட்டது. பிறகு அவர்கள் சுடப்பட்டார்கள். ஐவர் இறந்தார்கள், இருவர் காயத்துடன் தப்பினார்கள். தாங்களே கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டும் படங்கள் பத்திரிகையில் வந்த பிறகே அந்தக் கதை உடைந்தது. படங்களை எடுத்த பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே ஜனவரி 24ஆம் திகதி இதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு என்ன நடந்தது? 2013இல் 13 பேர் கைதானார்கள், பிணையில் வெளியே வந்தார்கள். 2019 ஜூலையில், போதிய சான்று இல்லையென்று நீதவான் நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்தது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் பலர் அதற்கு முன்பே உயிருக்குப் பயந்து நாட்டை விட்டுப் போயிருந்தார்கள்.

கிளிவெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குமாரபுரத்தை எடுங்கள். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. இருபது வருடங்கள் கழித்து, 2016 ஜூலையில், ஆறு இராணுவத்தினரும் குற்றமற்றவர்களென்று விடுவிக்கப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களின் வழக்கோ தண்டனை என்ற கட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த மூன்றிலும் நமக்கு எது கிடைக்காமல் போனது என்று நினைத்துப் பாருங்கள். தூக்குத்தண்டனைச் சட்டம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவின்படி கொலைக்கு மரணதண்டனையைத் தவிர வேறு தண்டனையை நீதிபதி நினைத்தாலும் கொடுக்க முடியாது. அவ்வளவு கடுமையான சட்டம் புத்தகத்தில் இருந்தும் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. சாட்சிக்குப் பாதுகாப்பு இல்லை, தடயத்தைப் பத்திரப்படுத்திய கை இல்லை, சுட உத்தரவிட்டது யாரென்று கேட்ட விசாரணை இல்லை. இந்த ஓட்டைகளில் ஒன்றைக்கூட ஒரு கயிறு அடைக்காது.

தண்டனை கிடைத்த வழக்கு ஒன்றையும் சொல்கிறேன். 2000 டிசம்பரில் மிருசுவிலில், இடம்பெயர்ந்த தம் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுப் பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். அதில் சிறுவர்களும் இருந்தார்கள். தப்பி ஓடிய ஒருவருடைய சாட்சியத்தால் வழக்கு நின்றது. 2015 ஜூனில் கொழும்பில் மூன்று நீதிபதிகள் அமர்ந்த ட்ரயலட்பார் சிறப்பு நீதிமன்றம் இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதித்தது. மேன்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிசெய்தது. அன்று நம்மில் பலர், நானும்தான், ஒரு வழக்கிலாவது நீதி வந்ததே என்று பெருமூச்சு விட்டோம். 2020 மார்ச் 26ஆம் திகதி, நாடே கொரோனா ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் போனார்.

மரணதண்டனை இருந்தால்தான் இப்படிப்பட்டவர்களுக்குப் பயம் வரும் என்பவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த வழக்கைத்தான். நம் நாட்டில் மரணதண்டனை என்பது நீதிபதியின் வாயிலிருந்து வந்ததும் ஜனாதிபதியின் மேசைக்குப் போகும் ஒரு கோப்பு. அந்த மேசையில் யார் இருக்கிறாரோ, அவருக்கு யார் வேண்டியவரோ, அதைப் பொறுத்தே மிச்சமெல்லாம். 2019 நவம்பரில் மைத்திரிபால சிறிசேன பதவியை விட்டுப் போகும்போது கொழும்பு ரோயல் பார்க் குடியிருப்பில் ஓர் இளம்பெண்ணைக் கொன்றவருக்கு மன்னிப்புக் கொடுத்தார். போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டே தீருவேனென்று ஒரு வருடமாக முழங்கியவரும் அவரேதான். 2021இல், கொலைக்கு மரணதண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு மன்னிப்புக் கிடைத்தது. இந்த இரண்டு மன்னிப்புகளையும் 2024இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அதற்குப் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு மறுபடியும் நீதிமன்றப் படியேறி வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தூக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தூக்கிலும் போடாமல், எத்தனை வருடம் சிறை என்பதையும் சட்டத்தில் உறுதியாக எழுதாமல் விட்டிருக்கிறோம். அந்த இடைவெளியில்தான் செல்வாக்குள்ளவன் நுழைந்து வெளியே போகிறான். மரணதண்டனையை நீக்கி, அந்த இடத்தில் இத்தனை வருடங்களுக்கு முன் விடுதலை என்ற பேச்சே கிடையாது என்று சட்டத்தில் எழுதி, மன்னிப்பதற்கு முன் பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்கினால், மிருசுவில் குடும்பங்களுக்கு அது எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

இனிச் சொல்லப் போவதுதான் என்னை இந்த நிலைப்பாட்டில் கட்டி வைத்திருக்கிறது. 1996 செப்டெம்பரில் மாணவி கிருசாந்தி குமாரசுவாமி யாழ்ப்பாணத்தில் இராணுவச் சோதனைச்சாவடியில் பிடிக்கப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அதைவிடக் கொடிய குற்றத்தை நான் வழக்கேடுகளில் படித்ததில்லை. 1998 ஜூலையில் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ உட்பட குற்றவாளிகளுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டபோதுதான், செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன, இடங்களை நான் காட்டுகிறேன் என்று எதிரிக்கூண்டில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் கூண்டில், நின்று அவர் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்களின் எச்சங்கள் கிடைத்தன. பிறகு எல்லாம் மூடிக்கொண்டது.

கால் நூற்றாண்டு ஓடியது. 2025இல் செம்மணிக்குப் பக்கத்தில் சித்துப்பாத்தி மயானத்தில் வேறொரு வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்வு தொடங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. ஒரு குழந்தையின் எச்சத்தோடு நீலநிறப் புத்தகப் பை ஒன்றும் இருந்தது. சர்வதேச விசாரணை நடந்தால் சாட்சி சொல்லத் தயார் என்று சிறையிலிருக்கும் சோமரத்ன ராஜபக்ஷ தம் மனைவி மூலம் அறிவித்ததாக அந்த வருடமே செய்தி வந்தது.

அந்த மனிதரை 1998இல் தூக்கிலிட்டிருந்தால் யார் அழுதிருப்போம்? நான் அழுதிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளை யார் கொண்டுவந்து புதைத்தார்கள், எந்த அதிகாரியின் சொல்லுக்குப் புதைத்தார்கள் என்று தெரிந்த ஒரு வாய் அன்றே அடைபட்டிருக்கும். கீழ்மட்டச் சிப்பாயைத் தூக்கிலிடுவது மேலே இருப்பவருக்கு எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் அம்மாமார் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கடற்படைத் தளத்துக்குள் கன்சைட் என்ற நிலக்கீழ் அறைகளில் மனிதர்களை அடைத்து வைத்திருந்த கதையை ஐக்கிய நாடுகள் குழு 2015 நவம்பரில் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது. அங்கே நடந்ததைச் சொல்லக்கூடியவர்களில் பெரும்பாலானோர் அதில் பங்குகொண்டவர்கள்தாம். அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும், குற்றவாளிகளாக, சிறைக்குள், பேசக்கூடிய நிலையில். என் மகன் எங்கே என்று கேட்கும் தாய்க்குக் கொலைகாரனின் பிணத்தைக் காட்டி என்ன பதிலைச் சொல்லிவிடப் போகிறோம்?

அடுத்தது, தவறு. நீதிமன்றங்கள் தவறு செய்யும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சாதாரணச் சட்டத்தில் பொலிஸாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. 1979இல் தற்காலிகம் என்று சொல்லி வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குக் கொடுத்த வாக்குமூலம் சான்றாகும் என்றது. அது வற்புறுத்தி வாங்கியது என்பதை நிரூபிக்கும் பாரத்தையும் எதிரியின் தலையில் ஏற்றியது. பூட்டிய அறைக்குள் நடந்ததை, உள்ளே தனியாக இருந்தவன் எப்படி நிரூபிப்பான்?

என் கட்சிக்காரர் ஒருவர், மீன்பிடிக் குடும்பத்துப் பையன். அவருக்கு எதிராக இருந்த ஒரே சான்று சில பக்க ஒப்புதல் வாக்குமூலம், முழுவதும் சிங்களத்தில். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து மட்டும் தமிழில். கொலைக் குற்றச்சாட்டும் அதில் இருந்தது. விளக்கமறியலில் அவரைச் சந்தித்தபோது, “இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லித் தந்தார்கள்?” என்று கேட்டேன். “கையெழுத்து வைத்தால் அம்மாவைப் பார்க்க விடுவோம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள் சேர்” என்றார். வாக்குமூலம் தானாகக் கொடுத்ததா என்று ஆராயும் உண்மை விளம்பல் விசாரணையில் அது நிராகரிக்கப்பட்டு அவர் வெளியே வரும்போது ஆறு வருடங்கள் போயிருந்தன. அவர் கேட்ட அந்த அம்மா இடையில் இறந்துவிட்டார். விசாரணை செய்த நீதிபதி பொறுமைசாலியாக இருந்தார், அன்றைக்கு நானும் கொஞ்சம் தயாராகப் போயிருந்தேன். இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அந்தக் காகிதம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும் இடத்தை நினைத்து இப்போதும் எனக்கு உறக்கம் கலைவதுண்டு.

இது இலங்கையின் நோய் மட்டும் என்று நினைக்காதீர்கள். கடல் கடந்தும் பார்க்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில், தடா என்ற இந்தியப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. அடுத்த வருடம் மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுதலை செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்தது. 26இல் 19. கொலைச் சதியில் அவர்களுக்குப் பங்கிருந்தது என்ற குற்றச்சாட்டு உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மேன்முறையீடு என்ற ஒரு படி இல்லாவிட்டால் அந்தப் பத்தொன்பது பேரின் நிலை என்ன? தூக்கு உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளன் மீது இருந்தது, இரண்டு ஒன்பது வோல்ட் பற்றரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது. எதற்காக வாங்குகிறோம் என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டேன் என்று, அதைப் பதிவுசெய்த அதிகாரியே 2013இல் ஒப்புக்கொண்டார். ஒரு வாக்கியம் விடுபட்டதால் ஓர் உயிர் கயிற்றின் முனையில் தொங்கியது. கருணை மனுவை இழுத்தடித்த காரணத்தால் 2014 பெப்ரவரியில் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18ஆம் திகதி அவர் விடுதலையானார், 31 வருடச் சிறைக்குப் பின். அவர் உயிரோடு வந்ததால் அந்த விடுபட்ட வாக்கியத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். முன்னரே முடித்திருந்தால் அந்த அதிகாரி வாய் திறந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

கோபத்தில் சட்டம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி. தூக்குத்தண்டனையை ஒழிக்க வேண்டுமென்று 1928இலேயே சட்டநிரூபண சபையில் டி. எஸ். சேனாநாயக்க கொண்டுவந்த பிரேரணை நிறைவேறியது. இந்தக் கோரிக்கை மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான ஒன்று என்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. 1958இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசாங்கம் மரணதண்டனையைச் சட்டத்தால் நிறுத்தி வைத்தது. நிறுத்தியதால் விளைவு என்ன என்று ஆராய, அவுஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழுவும் அமைந்தது. 1959இல் வெளிவந்த அதன் அறிக்கை, நிறுத்திவைப்பு தொடரட்டும் என்றது. அதே வருடம் செப்டெம்பரில் பண்டாரநாயக்கவே சுடப்பட்டு இறந்தார். நாடு கொதித்தது. எந்தத் தண்டனையை அவர் நிறுத்தினாரோ அதை அவர் பெயராலேயே அவசரமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அவரைக் கொன்றவர்களைப் பிடிக்கும்படியாகப் பின்னோக்கிய வலுவுடன். குற்றம் நடந்த நாளில் இல்லாத தண்டனையைக் குற்றத்துக்குப் பிறகு எழுதினார்கள். அவசரத்தில் எழுதியதால் கொலைக்குப் பொருந்திய அந்தப் பின்னோக்கிய வலு கொலைச் சதிக்குப் பொருந்தாமல் போனது. முடிவில், சுட்ட தல்துவே சோமாராம 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். திட்டம் போட்டுக் கொடுத்த மாப்பிட்டிகம புத்தரக்கித்தவுக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. ஏவியவன் சிறையில், எய்யப்பட்டவன் கயிற்றில். இதைத்தான் நீதியென்று பாடப்புத்தகத்தில் எழுத வேண்டுமா?

1975இல் மருசிரா என்று அழைக்கப்பட்ட கைதியை, தப்பிவிடுவார் என்ற பயத்தில் மருந்து கொடுத்து மயக்கிய நிலையில் தூக்குமேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தன் சாவை அறியும் நினைவுகூட இல்லாத உடலைத் தொங்கவிட்டார்கள். அடுத்த வருடம் ஜூன் 23ஆம் திகதி நடந்ததுதான் இந்த நாட்டின் கடைசித் தூக்கு. அதற்குப் பிறகு வந்த எல்லா ஜனாதிபதிகளின் காலத்திலும் மரணதண்டனைகள் குறைக்கப்பட்டே வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பெரிய கொலைக்குப் பின்னும் கயிற்றை எடுப்போம் என்ற குரல் மேலிருந்து எழும். 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய கொல்லப்பட்டபோது அப்படித்தான். 2018, 2019இல் போதைப்பொருளைச் சொல்லி அதே குரல் எழுந்தது.

அச்சுறுத்தினால் கொலை குறையுமா என்ற கேள்வியில் நான் நீண்ட நேரம் நிற்கப் போவதில்லை. நாம் கடைசியாகத் தூக்கிலிட்ட அதே 1976இல் கனடா மரணதண்டனையை ஒழித்தது. அங்கே கொலை பெருகவில்லை. லட்சத்துக்கு மூன்று பேர் அளவில் இருந்தது அடுத்த தசாப்தங்களில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. நான் நடத்திய கொலை வழக்குகளிலோ குடிவெறி, காணி எல்லை, குடும்பச் சண்டை என்பவைதான் பெரும்பாலும். கத்தியைத் தூக்கிய நேரத்தில் 296ஆம் பிரிவை நினைத்தவன் ஒருவனையும் நான் சந்திக்கவில்லை.

போதைப்பொருளுக்கு வருகிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது தம்பி, என் அயல் வீட்டிலேயே ஒரு பிள்ளை அதில் அழிந்துகொண்டிருக்கிறது. ஆனால் 1984 முதல் இந்தச் சட்டம் இருக்கிறது: இரண்டு கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரணதண்டனை அல்லது ஆயுள் தண்டனை. இரண்டு கிராம் என்பது ஒரு சிறு பொட்டலம். நாற்பது வருடங்களாக இந்தக் கடுமை இருந்தும் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது எது என்று நீங்களே சொல்கிறீர்கள். மீன்பிடிப் படகில் நூற்றுக்கணக்கான கிலோ வருகிறது என்று செய்தியில் பார்க்கிறோம். எதிரிக்கூண்டில் நான் பார்ப்பதோ தன் பாவனைக்காகவே விற்கும் பையன்களையும், புருஷன் ஒளித்து வைத்ததற்குப் பிடிபட்ட பெண்களையும்தான். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள். அரசாங்கம் கயிற்றை உண்மையாகவே எடுத்தால் அது முதலில் விழும் கழுத்துகள் இவர்களுடையவை.

2019 பெப்ரவரியில் அலுகோசு வேலைக்கு, அதாவது தூக்கிலிடுபவர் வேலைக்கு, விளம்பரம் வந்தது நினைவிருக்கிறதா? ஆணாக, நல்லொழுக்கமும் மனவலிமையும் உள்ளவராக இருக்க வேண்டும், மாதச் சம்பளம் 36,310 ரூபாய். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதற்கு முன் 2014இல் அந்த வேலைக்கு எடுக்கப்பட்ட ஒருவர், தூக்குமேடையை நேரில் பார்த்ததும் வேலையை விட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த மனிதர் மீது பெரிய மரியாதை உண்டு. நாம் கூட்டங்களில் கைதட்டிக் கேட்கும் காரியத்தை, சம்பளத்துக்கு ஒருவர் தன் கையால் செய்ய வேண்டும், செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும். 2019 ஜூன் 26ஆம் திகதி நால்வரின் மரண ஆணையில் கையெழுத்திட்டுவிட்டேன் என்றார் ஜனாதிபதி சிறிசேன. ஜூலை 5ஆம் திகதி உயர் நீதிமன்றம் தடுத்தது. நால்வர் உயிர் பிழைத்தது ஓர் இடைக்காலத் தடையால். 2022 ஓகஸ்டில், தான் எந்த மரண ஆணையிலும் கையெழுத்திடப் போவதில்லை என்று ரணில் விக்ரமசிங்க சட்டமா அதிபர் மூலம் அதே நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். நல்லது. ஆனால் அது ஒரு ஜனாதிபதியின் வாக்கு. அடுத்து வருகிறவர் வேறு சொல்லலாம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் தூக்கை நிறுத்தி வைக்கும் தீர்மானத்துக்கு இலங்கை பல தடவை ஆதரவாகக் கையுயர்த்தியிருக்கிறது. ஒழிப்பதற்கான 1989ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையான இரண்டாவது விருப்பு நெறிமுறையில் மட்டும் இன்னும் சேரவில்லை.

பள்ளி மாணவி வித்தியாவின் வழக்கைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 2015 மேயில் புங்குடுதீவில் அந்தப் பிள்ளைக்கு நடந்ததை எழுத என் கை கூசுகிறது. அப்போது யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடமே கல்லெறிக்கு உள்ளானது. எங்களிடம் விடுங்கள் என்று கூட்டம் கத்தியது. 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ட்ரயலட்பார் தீர்ப்பு வந்தது. எதிரிகள் ஒன்பது பேரில் ஏழு பேருக்கு மரணதண்டனை. இருவருக்கு எதிராகக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. அந்தக் கோபம் நேர்மையான கோபம். ஆனால் 2015இல் கூட்டத்தின் கையில் கயிறு இருந்திருந்தால் அந்த இரண்டு கழுத்துகளும் அதில் இருந்திருக்கும், நாமும் நியாயம் கிடைத்ததென்று கலைந்து போயிருப்போம்.

வைகாசியில் நம் கிழக்கு மாகாணத்து ஊர்களில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி வைக்கிறோம். சிறுவயதில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போய் நின்றிருக்கிறேன். அம்மனுக்கு ஏன் குளிர வைக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மாளாச்சி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறா என்றார். வளர்ந்த பிறகே விளங்கியது. விசாரிக்காமல் ஒருவனை வெட்டியதற்காக மூண்ட தீ அது. வருடா வருடம் தண்ணீர் தெளித்து நாம் இன்னும் ஆற்றிக்கொண்டிருக்கிறோம், அது ஆறி முடியவில்லை. தட்டானின் பேச்சை நம்பி அரசன் கொடுத்த ஆணை, ஒரு சிலம்பைச் சரிபார்க்க ஒரு நாழிகை பொறுத்திருந்தால் போதும் என்ற நிலையில் கொடுத்த ஆணை.

இன்னொன்றையும் நம்மவர்களிடம் நான் வெளிப்படையாகக் கேட்பதுண்டு. நம் பிள்ளைகளை விசாரணையின்றிக் கொன்றதாக நாம் குற்றம் சாட்டும் அதே அரசின் கையில், சட்டப்படி கொல்லும் உரிமையையும் கொடுத்து வைக்க நமக்கு எப்படி மனம் வருகிறது? அந்தக் கயிறு நமக்கு வேண்டாதவர் கழுத்தைத் தேடித்தான் போகும் என்று யார் உறுதி தந்தார்கள்?

கொல்லப்பட்டவர்களின் பெற்றோர் சிலருடன் நான் பல தடவை உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தூக்கில் போடு என்று சொன்னவர்களும் உண்டு. அதை அவர்கள் சொல்லும்போது நான் வாதாடுவதில்லை. ஒரு தகப்பனின் அந்தச் சொல்லைத் திருத்த எனக்கு உரிமை கிடையாது. ஆனால் பேச்சு நீளும்போது அவர்களுடைய கேள்விகள் வேறு பக்கம் திரும்பும். யார் சொல்லிச் சுட்டார்கள்? என் பிள்ளை கடைசியில் என்ன சொன்னான்? அவன் கெட்டவன் இல்லையென்று அரசாங்கம் எழுதித் தருமா? இவற்றில் ஒன்றுக்காவது பதில் தரக்கூடிய சட்டத்தைத்தான் நாம் கேட்க வேண்டும்: சாட்சியை நாட்டை விட்டு ஓடாமல் காக்கும் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டத்து ஒப்புதல்களைச் செல்லாதவையாக்கும் சட்டம், கட்டளையிட்டவரின் பொறுப்பைக் குற்றமாக்கும் சட்டம், 296ஆம் பிரிவிலிருந்து மரணத்தை எடுத்துவிட்டு உறுதியான கால அளவை வைக்கும் சட்டம்.

நீங்கள் என்ன செய்யலாம் என்றீர்கள். கையெழுத்து வாங்குவதும் கூட்டம் வைப்பதும் பிறகு ஆகட்டும். முதலில் இங்கே மேல் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு சாட்சி விசாரணைக்கு எடுக்கப்படும் நாளில் வந்து பின்வரிசை வாங்கில் உட்காருங்கள். தீர்ப்பு நாளும் வாருங்கள். மரணதண்டனை வாசிக்கும்போது மின்விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். அந்த நிசப்தத்தில் எதிரியைப் பார்க்காதீர்கள், அவரைப் பார்க்க எல்லோரும் இருப்பார்கள். பின்னால் திரும்பி இரண்டு குடும்பத்துத் தாய்மாரையும் பாருங்கள். அதற்கு முன், சிங்களத்தில் சாட்சி சொல்லும் அதிகாரி ஒருவர் கூண்டில் ஏறும் நாளில் ஒரு கொப்பி கொண்டுவாருங்கள். அவர் சொன்னதை ஒரு பக்கத்திலும், மொழிபெயர்ப்பாளர் சொன்னதை மறுபக்கத்திலும் எழுதுங்கள். மாலையில் என் அலுவலகத்துக்கு அந்தக் கொப்பியுடன் வாருங்கள், இரண்டு பக்கங்களையும் சேர்த்து வாசிப்போம்.